வாசலைவிடப் பெரிய மிதவை

இஸ்திரியக்காவுக்குக் கோபம் சட்டென்று வராது. அவளைச் சரியாகத் தெரியாதவர்கள்தான் முன்கோபி என்பார்கள். கரிப்பெட்டியில் நெருப்புப் பிடிக்க எவ்வளவு பாடு இருக்கிறது! விசிற வேண்டும், ஊத வேண்டும், புகை கண்ணில் ஏற வேண்டும், அப்புறம்தான் கங்கு சிவக்கும். சிவந்துவிட்டால் லேசில் ஆறாது. அவள் கோபமும் அந்த ரகம். அந்தக் கோடையில் அது சிவந்தது. எல்லாம் மழையால் வந்த வினை என்று அவள் கொழுந்தனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். மழை என்ன செய்யும், பாவம்? மழைக்கு வாயா இருக்கிறது?

இந்தக் கொழுந்தனார், செத்துப்போன அவள் கணவனின் தம்பி. ஏரிக் கமிட்டியின் தலைவர். எதிரில் ஒரே ஓர் ஆள் நின்றாலும் கூட்டத்தில் பேசுவது மாதிரி கையை நீட்டித்தான் பேசுவார். ஊரும் அதற்கேற்ற ஊர்தான். ஏரியைச் சுற்றி நாலைந்து தெரு, சில லாட்ஜுகள், கடைகள், படகுத்துறை. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் பஸ் பஸ்ஸாக வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். வருஷம் முழுக்கத் தின்பதை அந்த விடுமுறையில் சம்பாதித்தால்தான் உண்டு. அந்த வருஷம் விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் மழை வந்து, பாயை விரித்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகிற எண்ணமே அதற்கு இல்லை.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு நீளமான தகரக் கொட்டகை. தெருப் பக்கம் இரட்டைக் கதவு. ஏரிப் பக்கம் சுவரே கிடையாது. கொட்டகையின் முழு அகலத்துக்கும் ஒரு மடக்குக் கதவு, அதைத் திறந்தால் நேரே தண்ணீருக்குள் இறங்கும் சரிவு. முன்பாதி கமிட்டிக்கு. துடுப்பு, நாற்காலி, கிழிந்த கூடாரம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். பின்பாதி இஸ்திரியக்காவின் வீடு. வீடும் அதுதான், கடையும் அதுதான். நடுவில் ஒரு பலகைச் சுவர்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. கணவன் உயிரோடு இருந்தபோது பின்பாதி அவனுடைய படகுப் பட்டறை. ஒரு குளிர்காலம் முழுக்க இருமி இருமி அவன் போய்ச் சேர்ந்தான். கையில் ஒரு பெண் குழந்தை, பட்டறையில் யாரும் கேட்டு வராத ஓட்டைப் படகுகள். அவள் அழுதது கொஞ்ச நாள்தான். அப்புறம் கடப்பாரையை எடுத்து அந்தப் படகுகளைப் பிரித்தாள். பச்சைப் படகின் பலகை, நீலப் படகின் பலகை, சிவப்புக் கோடு போட்ட படகின் பலகை என்று வரிசையாக நிறுத்தி, தானே ஆணி அடித்து, தனக்கும் மகளுக்கும் ஒரு சுவர் எழுப்பிக்கொண்டாள். சுத்தியல் தவறிப் பட்டதில் இடது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. மறுபடி முளைத்த நகம் இன்றும் கோணல்தான். லாட்ஜுகளுக்குப் போய்ப் படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து துவைத்தாள், தேய்த்தாள், மடித்துக் கொடுத்தாள். மகளை வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். "அண்ணி, உங்களை யார் எழுப்பப் போறா? நீங்க பாட்டுக்கு இருங்க" என்று கொழுந்தனார் அன்றைக்குச் சொன்ன வாய்வார்த்தைதான் அவளுக்குப் பட்டா.

சரி, மிதவைக்கு வருவோம்.

விடுமுறைக்கு வருகிறவர்கள் ஏரியில் நீந்திப்போய் ஏறி உட்காரவும் அங்கிருந்து குதிக்கவும் நடு ஏரியில் ஒரு மரமிதவை போடுவதென்று கமிட்டி முடிவு செய்தது. செய்கிற வேலை இஸ்திரியக்காவின் மருமகனுக்கு. நல்ல தச்சன்தான், கையில் குறையில்லை, வாயில்தான் குறை. யார் என்ன சொன்னாலும் "சரி" என்று சொல்கிற வாய். வெளியே மழை. ஆகவே கொட்டகைக்குள் வைத்துச் செய்யலாம் என்றார்கள். பையன் ஒழுங்காக வாசலை அளந்து, அதற்கு அடங்குகிற மாதிரிதான் முதலில் செய்தான். அடியில் காலிப் பீப்பாய்கள், மேலே பலகைகள். முடிந்தது.

முடிந்ததா? மழை நிற்கவில்லையே! மழை நிற்காவிட்டால் மிதவையைத் தண்ணீரில் இறக்க முடியாது. இறக்காவிட்டால் கமிட்டிக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை. தினமும் குடையை மடக்கிக்கொண்டு வந்து மிதவையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர், "பக்கத்துல இன்னும் ரெண்டு பலகை போட்டா நாலு பேர் கூட நிக்கலாமே" என்றார். போட்டான். மறுநாள் இன்னொருவர், "இந்தப் பக்கம் போட்டீங்க, அந்தப் பக்கம் சாயாதா?" என்றார். அங்கும் போட்டான். தலைவர் குதிக்கிற பலகை ஒன்று கேட்டார். ஏன், இஸ்திரியக்காவே சும்மா இருந்தாளா? பலகைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்து, "மாப்பிள்ளை, வயசான பொம்பளைங்க பிடிச்சு ஏற வேண்டாமா? சுத்திக் கம்பி வைங்க" என்றாள். "சரி அத்தை" என்று நாலு மூலையிலும் தூண் நட்டுக் கம்பி வைத்தான். இப்படி மழை பெய்யப் பெய்ய மிதவை வளர்ந்தது. வாசல் வளரவில்லை.

கடைசியில் ஒருநாள் காலையில் வானம் கொஞ்சம் வெளுத்தது. "இன்னைக்கு இறக்கிடுவோம்!" என்று தலைவர் கையை நீட்டினார். உருளைக் கட்டைகளைப் போட்டு, ஆட்கள் சேர்ந்து தள்ளினார்கள். மிதவை வாசல் வரைக்கும் வந்து, இரண்டு பக்கமும் நிலையில் முட்டிக்கொண்டு நின்றது.

"சாய்ச்சுத் தள்ளுங்க" என்றார் தலைவர்.

"கம்பித் தூண் உத்தரத்துல இடிக்குது மாமா."

"அப்ப கம்பியைக் கழட்டு."

"கழட்டினாலும் அகலம் அகலம்தானே மாமா."

"ஏன்டா, நீ தச்சன்தானே? வாசலை அளக்கலையா?"

"அளந்தேன் மாமா. நீங்க போடச் சொன்ன பலகையைத்தான் அளக்கலை."

யாரோ சிரித்தார்கள். தலைவர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு இருமலாக மாறியது. பிரித்துச் சேர்க்கலாமா என்றால், தாரும் பசையும் போட்டு இறுக்கியாகிவிட்டது, பிரித்தால் மறுபடி சேர்ப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும் என்று மருமகன் தலையைச் சொறிந்தான். மறுநாள் முதல் பஸ். இதற்குள் வானம் மறுபடி கறுத்து, கொட்டகைத் தகரத்தில் மழை தடதடவென்று விழுந்தது. மிதவையை உள்ளே தள்ளிவிட்டு எல்லோரும் மூலைக்கு மூலை கலைந்தார்கள்.

இஸ்திரியக்கா சுவருக்கு இந்தப் பக்கம் விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். மழையால் எந்தத் துணியும் காயவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, லாட்ஜ்காரம்மாவின் விரிப்புகளைத் தொங்கவிட்டு, நடுவில் அடுப்பை மூட்டி, புகையிலும் புழுக்கத்திலும் நின்றுகொண்டிருந்தாள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால், மகள் வாங்கிக் கொடுத்த புதுப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய கரிப்பெட்டிதான். அந்தச் சுவர் காற்றையும் முழுசாகத் தடுக்காது, பேச்சையும் தடுக்காது. அந்தப் பக்கம் தலைவரும் லாட்ஜ்காரம்மாவும் பேசிக்கொள்வது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"இந்தப் பலகைச் சுவரை எடுத்துட்டா, நேரா அந்தப் பக்கம் வழியா தண்ணிக்குள்ள தள்ளிடலாம்" என்றார் தலைவர்.

"உங்க அண்ணி ஒத்துக்குவாங்களா?"

"அவங்க என்ன ஒத்துக்கறது? கமிட்டிக் கொட்டகை."

"அப்புறம் சுவரை மறுபடி வைக்கணுமே?"

"எதுக்கு வைக்கணும்? போனது போனதாவே இருக்கட்டும். தண்ணியைப் பாத்த இடம், குளிர்பானக் கடை போட்டா பிச்சுக்கிட்டுப் போகும். நீங்களே எடுத்து நடத்துங்களேன். அண்ணிக்கு வயசாகுது, மக வீட்டோட போய் இருக்கட்டும்."

இஸ்திரியக்காவின் கை நின்றது. விரிப்பில் கருகல் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள். வெள்ளை விரிப்பின் நடுவில் பெட்டியின் அச்சு பழுப்பாகப் பதிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு துணியைக் கருக்கியது அதுதான் முதல் தடவை. அந்தக் கருகலைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு உள்ளே நெருப்புப் பிடித்தது.

கொஞ்ச நேரத்தில் தலைவர் சுற்றிக்கொண்டு வந்து ஏரிப் பக்க வாசலில் நின்றார். முகத்தில் சர்க்கரை தடவிய சிரிப்பு.

"அண்ணி, சௌக்கியமா?"

"காலையில பாத்தப்ப எப்படி இருந்தேனோ அப்படித்தான்."

"ஒரு சின்ன உதவி அண்ணி. ஊர் விஷயம். இந்தப் பலகையை மட்டும் கொஞ்சம் எடுத்தா..."

"எடுத்தா?"

"மிதவையை வெளியே விட்டுட்டு, உடனே பழையபடி வச்சுக் குடுத்துடுவோம்."

"உடனேன்னா?"

"கோடை முடிஞ்சதும்."

"கோடை முடியற வரைக்கும் நான் எங்க படுக்கறது? உங்க தலையிலயா?"

"கோவப்படாதீங்க அண்ணி. வெறும் பலகைதானே?"

வெறும் பலகை! அவள் பெட்டியைத் தாங்கியில் டங்கென்று வைத்தாள். "தலைவரே" என்றாள். அதுவரைக்கும் அவரை அவள் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "உங்க அண்ணன் செத்த அன்னைக்கு நீங்க இங்கதான் நின்னீங்க. நீங்க பாட்டுக்கு இருங்கன்னு சொன்னீங்க. இப்ப இந்தச் சுவர்ல காது வச்சுக் கேட்டா வேற என்னமோ கேக்குது. குளிர்பானம் ரொம்பக் குளுகுளுன்னு இருக்குமோ?"

தலைவரின் சிரிப்பு அப்படியே இறங்கியது. "ஒட்டுக் கேக்கறது நல்ல பழக்கம் இல்ல அண்ணி" என்றார்.

"என் வீட்டுக்குள்ள நான் நின்னு கேட்டேன். நீங்க என் வீட்டை வித்துக்கிட்டு இருந்தீங்க. எது நல்ல பழக்கம்?"

அவர் கையை நீட்டிப் பேச ஆரம்பித்தார். ஊர் நன்மை, வருமானம், ஒத்துழைப்பு என்று வரிசையாக வந்தது. அவள் தொட்டித் தண்ணீரைச் செம்பில் மொண்டு, விரிப்பில் தெளிக்கிற சாக்கில் அவர் சட்டையிலும் தெளித்தாள். அவர் போய்விட்டார். போகிறபோது, "காலையில ஆளுங்க வருவாங்க. ஊர் முடிவு" என்றார்.

சாயங்காலம் மகள் நனைந்துகொண்டு ஓடிவந்தாள். அவளுக்கும் கோபம்தான், ஆனால் அவளுடையது அழுகையோடு வருகிற கோபம்.

"சித்தப்பா இப்படிப் பண்ணுவாருன்னு நினைக்கவே இல்லம்மா. பேசாம எங்ககூட வந்துடு."

"வந்து? உன் மாமியார் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல பாய் போட்டுப் படுக்கவா? அவ கால் நீட்டினா என் மூக்கு, நான் கால் நீட்டினா அவ பாத்திரம்."

மகள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். அப்புறம், "உன் மாப்பிள்ளை மேல கோவமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவன் மேல என்ன கோவம்? யாராவது ஒருத்தர் 'வேணாம்'னு சொல்லக் கத்துக் குடுத்திருந்தா சொல்லியிருப்பான்." அடுப்பில் கங்கைக் கிளறிவிட்டாள். "கம்பி கேட்டவ நானும்தானே" என்றாள். அதற்கப்புறம் அந்தக் கம்பியைப் பற்றி அவள் நிறைய யோசித்திருக்க வேண்டும்.

காலையில் ஆட்கள் கடப்பாரையோடு வந்தபோது மழை தூறலாக இருந்தது. சண்டை வரும் என்று எதிர்பார்த்து எல்லோரும் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். இஸ்திரியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஆணி பிடுங்குகிற கொறடோடு நின்றாள்.

"கடப்பாரை வேணாம். நான் அடிச்ச ஆணி, நானே பிடுங்கறேன்" என்றாள். தலைவருக்கு நம்பவே முடியவில்லை.

"நீங்க நல்ல மனசுக்காரங்க அண்ணி!"

"பலகை கீழ கிடந்தா காலை இடறும். மிதவை மேல அடுக்குங்க. என் சாமானும் வழியில இருக்கு. அதையும் ஏத்துங்க, பத்திரமா."

"ஏத்துங்கப்பா, ஏத்துங்க! அண்ணி சொல்றதைச் செய்யுங்க!"

ஏற்றினார்கள். பச்சைப் பலகை, நீலப் பலகை, சிவப்புக் கோட்டுப் பலகை. இஸ்திரி மேசை, அடுப்பு, கரி மூட்டை, பாய், தலையணை, மடித்த தார்ப்பாய், மூலையில் கிடந்த நீளக் கழி, லாட்ஜ்காரம்மாவின் விரிப்பு மூட்டைகள். நங்கூரக் கல்லும் கயிறும் முன்பே மிதவையில் இருந்தன. மருமகன் மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அத்தை..." என்று இழுத்தான். "நீங்க வாயைத் திறக்காதீங்க மாப்பிள்ளை. அதுதான் உங்களுக்கு நல்லா வரும்" என்றாள்.

மிதவை சுவர் இருந்த இடத்தைக் கடந்து, மடக்குக் கதவைக் கடந்து, சரிவில் வழுக்கித் தண்ணீரில் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் இஸ்திரியக்கா முழங்கால் தண்ணீரில் நடந்து, தான் கேட்டு வாங்கிய கம்பியைப் பிடித்து, வயசான பொம்பளை ஏறுகிற மாதிரியே நிதானமாக ஏறினாள். கரைக் கயிற்றை அவிழ்த்தாள். கணவனின் நீளக் கழியை ஊன்றித் தள்ளினாள். பட்டறைக்காரன் பெண்டாட்டிக்குக் கழி பிடிக்கத் தெரியாதா என்ன? கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கல்லை இறக்கி நிறுத்தினாள். நாலு தூணிலும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். அடுப்பை மூட்டினாள். மேசையை விரித்தாள்.

கரையில் முதலில் வாய் திறந்தது தலைவர்தான். "அண்ணி! என்ன இது? கரைக்கு வாங்க!"

"வீடு எங்க இருக்கோ அங்கதான் நான் இருப்பேன் தலைவரே! என் வீடு இப்ப இங்க இருக்கு!"

"பஸ் வரப் போகுது அண்ணி!"

"வரட்டுமே! இஸ்திரி போடணும்னா குடுக்கச் சொல்லுங்க!"

அவர் ஒரு சின்னப் படகை எடுத்துக்கொண்டு சமாதானம் பேசப் போனார். மிதவை ஓரத்தைப் பிடித்து ஒரு காலைத் தூக்கியதுதான் தாமதம், அவள் கரிப்பெட்டியோடு வந்து நின்றாள். "ஏறாதீங்க. பலகை ஈரம், வழுக்கும். கீழ விழாம இருக்க எதையாவது பிடிப்பீங்க, என் கையில இருக்கறது சுடும்" என்றாள். தூக்கிய கால் திரும்பப் படகுக்குள் போயிற்று.

பஸ் வந்தது. வெளியூர்க்காரர்கள் மழையில் சலித்துப்போய் இறங்கினார்கள். இறங்கியதும் சலிப்புப் போய்விட்டது. ஏரி நடுவில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பொம்பளை புகையும் ஆவியும் பறக்க வெள்ளை விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? படம் எடுத்தார்கள். "இது இங்க வருஷா வருஷம் உண்டா?" என்று ஒருவர் தலைவரிடமே கேட்டார்.

ஆனால் கதையை முடித்தது அவர்கள் இல்லை. லாட்ஜ்காரம்மா. அறைச் சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் மெத்தைகளின் மேல் விருந்தாளிகளைப் படுக்க வைக்க முடியாமல், துறைக்கு ஓடிவந்தாள்.

"இஸ்திரி! என் விரிப்பைக் குடும்மா!"

"தேய்ச்சு மடிச்சு வச்சிருக்கேன்மா! வீட்டுக்கு வந்து வாங்கிக்கங்க! எப்பவும் வீட்டுல வச்சுத்தானே குடுப்பேன்? வீடுதான் காணோம்!"

லாட்ஜ்காரம்மா தலைவர் பக்கம் திரும்பினாள். நேற்று யாரோடு சேர்ந்து பேச்சிலேயே குளிர்பானக் கடை போட்டாளோ, அவரை இன்றைக்கு வாயாலேயே கிழித்துத் தொங்கவிட்டாள். "நீங்க பேசி நான் கெட்டேன்! போடுங்கய்யா அந்தச் சுவரை! இப்பவே போடுங்க!"

"பலகை மிதவை மேல இருக்கும்மா..." என்றார் தலைவர்.

"அது என் பலகை!" என்று ஏரியிலிருந்து குரல் வந்தது. "கமிட்டி எடுத்த சுவருக்குக் கமிட்டி பலகை போடட்டும்! புதுசா!"

தலைவர் மருமகனைப் பார்த்து, "என்னடா, அங்க ஓட்டை உடைசல் பலகை கிடக்கும், அதை வச்சு ஒப்பேத்து" என்றார். மருமகன் ஏரியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"வேணாம் மாமா" என்றான்.

அவன் வாயில் அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு அவன் பெண்டாட்டியே திடுக்கிட்டாள். புதுப் பலகை வந்தது. நனைந்துகொண்டே வேலை நடந்தது. கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் பலகை தூக்கினார்கள். தலைவர் ஆணி எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் நடுவிலிருந்து, "அந்த மூலை சரியா உக்காரல! இன்னொரு ஆணி!" என்று மேற்பார்வை வேறு. பொழுது சாய்வதற்குள் சுவர் நின்றது. சுவரில் ஒரு சின்னக் கதவு, அதன் தாழ்ப்பாள் அவள் பக்கம். மடக்குக் கதவுக்குப் புதுப் பூட்டு, சாவி அவள் இடுப்பில்.

அப்புறம்தான் கல்லைத் தூக்கிக் கழியை ஊன்றி வந்தாள். கரையில் இறங்கி முதலில் விரிப்பு மூட்டையை லாட்ஜ்காரம்மா கையில் கொடுத்தாள். கருகிய விரிப்பைத் தனியாக எடுத்துக் காட்டி, "இது என் தப்பு. ஆனா கருக வச்ச பேச்சுல உங்களுக்கும் பங்கு இருக்கு" என்றாள். லாட்ஜ்காரம்மா அதையும் வாங்கி மூட்டைக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

கோடை முழுக்க மழை பெய்தது. எப்படியும் நனையத்தானே போகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் மழையிலேயே நீந்தி மிதவையில் ஏறிக் குதித்தார்கள். கொழுந்தனாரின் சட்டைகள் வழக்கம்போல இஸ்திரிக்கு வந்தன. ஒரே கோடு விழ வேண்டிய ஒவ்வொரு கையிலும் இரண்டு மடிப்புக் கோடு விழுந்து திரும்பிப் போயின. அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. 'தம்பி' என்று அவள் கூப்பிடவும் இல்லை.

பழைய பலகைகளை அவள் விறகாக்கவில்லை. புதுச் சுவரின் மேல் தன் பக்கம் மறுபடி அடித்துத் தரச் சொன்னாள். இப்போது இரட்டைச் சுவர். காற்று வராது, சத்தமும் வராது. மருமகன் கடைசிப் பலகையை வைக்கப் போனபோது, "கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை" என்று தடுத்தாள். இஸ்திரி மேசைக்கு நேராக, தன் காது உயரத்தில், விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க மட்டும் ஒரு இடுக்கு விடுங்க. ரெண்டு பலகையிலயும்."